பரண்ல கிடக்கற ரவுட்டரும் ஹாம் மெஷ்ஷும்: கேள்வி பதில்

ஹாம் ரேடியோக்காரங்க (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோ ஓட்டறவங்க) சாதாரண வைஃபை ரவுட்டர்ல வேற ஃபர்ம்வேர் (பெட்டிய உள்ளேர்ந்து ஓட்டற சாஃப்ட்வேர்) ஏத்தி, இன்டர்நெட்டே இல்லாம ஊருக்கு ஊர் தனி நெட்வொர்க் கட்டறாங்கன்னு போன இதழ்ல ரெண்டு வரி எழுதினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி "எந்த ரவுட்டர் வாங்கலாம்" ரகம். அதை அப்புறம் பாக்கலாம், ஏன்னா இதுல ரவுட்டர்தான் இருக்கறதுலயே சுலபமான பாகம்.

கேள்வி: கடையில "மெஷ் வைஃபை"ன்னு மூணு டப்பா செட்டா விக்கறாங்களே, அதும் இதும் ஒண்ணா?

பேர்தான் ஒண்ணு. கடையில விக்கறது வீட்டுக்கு வர்ற ஒரே இன்டர்நெட் லைன எல்லா ரூமுக்கும் இழுத்துட்டுப் போற வேலை, அதுல ஒரு டப்பா தலை, மத்தது வாலு. ஹாம் மெஷ்ல தலைன்னு ஒண்ணு கிடையாது, எந்த நோடு (நெட்வொர்க்ல இருக்கற ஒரு ரவுட்டர்) செத்தாலும் மிச்சம் உள்ளதுங்க தங்களுக்குள்ள வேற வழி பாத்துக்கும்.

எப்படின்னா, ஒவ்வொரு நோடும் "நான் இருக்கேன்"னு சின்னச் சின்ன பாக்கெட்ட (டேட்டாத் துண்ட) அனுப்பிக்கிட்டே இருக்கும், பக்கத்து நோடுங்க அதுல எத்தனை வந்துச்சு எத்தனை தொலைஞ்சுதுன்னு எண்ணி வச்சுக்கும். ரொம்ப வருஷம் இதுக்கு ஓஎல்எஸ்ஆர்னு ஒரு ரவுட்டிங் முறைதான் ஓடிச்சு, இப்ப பேபல்னு இன்னொண்ணுக்கு மாறிட்டு வர்றாங்க. ஒரு கணக்கு பாருங்க. உங்க நோடுலேர்ந்து மலை மேல இருக்கற நோடுக்கு நேரா போனா பாதி பாக்கெட்தான் சேருது, திரும்பி வர்றதும் பாதிதான்னு வைங்க. அப்ப ஒரு பாக்கெட் போய் அதுக்குப் பதில் வரணும்னா சராசரியா நாலு தடவை அனுப்பணும், அந்த லிங்க்கோட மதிப்பு 4. நடுவுல ஒரு நண்பர் வீடு இருக்கு, அது வழியா போனா ஒவ்வொரு தாவலுக்கும் மதிப்பு 1.1, ரெண்டும் சேத்து 2.2. ரவுட்டர் யாரையும் கேக்காம நண்பர் வீட்டு வழியையே எடுத்துக்கும், அந்த வீட்ல கரண்ட் போனா சத்தமில்லாம நேர் வழிக்கு மாறிடும்.

ஐபி அட்ரஸ் கூட நீங்க யோசிக்க வேணாம், ரவுட்டரோட மேக் அட்ரஸ்ல (கம்பெனிலயே போட்டு வர்ற நம்பர்) கடைசி மூணு பைட்ட எடுத்து முன்னாடி 10 போட்டு அதுவே வச்சுக்கும். நீங்க தர வேண்டியது கால்சைனும் (ஹாம் லைசென்ஸோட தர்ற அடையாளப் பேர்) பாஸ்வேர்டும்தான்.

கேள்வி: எல்லாரும் அந்த நீல கறுப்பு லிங்க்சிஸ் ரவுட்டர் பத்தியே பேசறாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு? இப்ப தேடி வாங்கணுமா?

அந்த ரவுட்டரோட மாடல் பேர் டபிள்யூஆர்டி54ஜி, 2002 கடைசில வந்தது. உள்ள லினக்ஸ் ஓடுதுன்னு யாரோ நோண்டிப் பாத்து கண்டுபிடிச்சாங்க, லினக்ஸோட ஜிபிஎல் லைசென்ஸ்படி சோர்ஸ் கோட வெளிய விடணும்னு பிரச்சினை கிளம்பி 2003ல வெளிய வந்துது, அதுலேர்ந்துதான் ஓபன்டபிள்யூஆர்டி மாதிரி ஃபர்ம்வேரெல்லாம் முளைச்சுது. பின்னாடி ரெண்டு ஆன்டெனா, ரெண்டையும் கழட்டலாம், 12 வோல்ட்டுல ஓடும், ஹாமுக்கு வேற என்ன வேணும்? அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின்ல இருந்த ஹாம்கள் இதுக்குன்னே எச்எஸ்எம்எம் மெஷ்னு ஒரு ஃபர்ம்வேர் பண்ணாங்க, அது அப்புறம் பிராட்பேண்ட் ஹாம்நெட்னு பேர் மாறிச்சு, அதுலேர்ந்து பிரிஞ்சு வந்ததுதான் இப்ப அதிகமா ஓடற ஏஆர்இடிஎன்.

தேடி வாங்கணுமான்னு கேட்டா, வேணாம். நாலு எம்பி ஃப்ளாஷ், பதினாறு எம்பி ராம் உள்ள பெட்டிக்கு இனிமே புது ஃபர்ம்வேர் வராது. பரண்ல கிடந்தா எடுத்து கத்துக்க வச்சுக்கங்க, அதுலயும் அஞ்சாவது வெர்ஷன்னா விட்டுடுங்க, அதுல லினக்ஸ எடுத்துட்டு மெமரியையும் பாதியா வெட்டிட்டாங்க. இப்ப எல்லாரும் போடறது யுபிக்விட்டி, மைக்ரோடிக், டிபி லிங்க்கோட வெளிப்புற மாடல்கள், ஆன்டெனாவும் ரவுட்டரும் ஒரே உடம்பா இருக்கும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஃபர்ம்வேரோட சப்போர்ட் லிஸ்ட்ல மாடல் நம்பர், ஹார்ட்வேர் வெர்ஷன் ரெண்டையும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்க, ஒரே பேர்ல உள்ள சிப்ப மாத்தி விக்கறது இந்தத் தொழில்ல ரொம்ப சாதாரணம். ஃப்ளாஷ் பண்றப்ப கேபிள்லதான் பண்ணணும், வைஃபைல பண்ணி பாதில அறுந்துச்சுன்னா பெட்டி செங்கல்தான்.

கேள்வி: 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கற நண்பரோட லிங்க் போடணும். ஒரு வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்னு இருக்கேன், ரவுட்டர் கீழ ரூம்ல இருக்கு, அங்கேர்ந்து மேல ஆன்டெனாவுக்கு 10 மீட்டர் கோஆக்ஸ் (டிவி கேபிள் மாதிரி) கேபிள். போதுமா?

ஆம்ப்ளிஃபையர் காச பத்திரமா வச்சுக்கங்க, முதல்ல கணக்கு.

2.4 கிகாஹெர்ட்ஸ்ல 10 கிலோமீட்டர் வெறும் காத்துல போனாலே சிக்னல் 120 டிபி தேயும் (டிபின்னா டெசிபல், சிக்னல் கூடறத குறையறத அளக்கற அலகு, பத்து டிபின்னா பத்து மடங்கு). ரவுட்டர் 100 மில்லிவாட் விடுதுன்னா அது 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்ட சைபர்னு வச்சு எண்ற டிபி). கூடவே வர்ற குட்டி ஆன்டெனா ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு டிபி தரும், ஆக 20 கூட்டல் 4 கழித்தல் 120, மைனஸ் 96. அதாவது ஒண்ணும் இல்ல, இரைச்சல்ல முங்கிப் போயிடும். அதே ரவுட்டருக்கு ரெண்டு பக்கமும் 24 டிபி கிரிட் டிஷ் போடுங்க, மைனஸ் 52. இது அட்டகாசமான சிக்னல், முழு வேகமும் ஓடும். பவர் ஒரு மில்லிவாட் கூட ஏத்தல, கவனிங்க.

இப்ப உங்க கேபிளுக்கு வருவோம். அது ஆர்ஜி 58 மாதிரி மெல்லிசா இருந்தா இந்த ஃப்ரீக்வன்சில மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிபி தின்னும், பத்து மீட்டருக்கு பத்து டிபி, ரவுட்டர் விட்டதுல பத்துல ஒரு பங்குதான் ஆன்டெனாவுக்கே போய்ச் சேருது. ஒரு வாட் ஆம்ப்ளிஃபையர் ஏத்தறதும் அதே பத்து டிபிதான்! காசு குடுத்து வாங்கின பவர் மொத்தமும் அந்த கேபிளுக்குள்ளயே சூடாகிப் போயிடும். அதோட முடியல, கேபிள் வர்ற சிக்னலையும் அதே அளவு தின்னும், கீழ உக்காந்திருக்கற ஆம்ப்ளிஃபையரால தொலைஞ்சத திருப்பித் தர முடியாது. கத்தறவன் காது மந்தமானவன்னா பேச்சு நடக்குமா?

ஹாம்கள் பண்றது ரவுட்டரையே மாஸ்ட் (ஆன்டெனா கம்பம்) உச்சிக்கு ஏத்திடறது. தண்ணி போகாத பெட்டில வச்சு, ஆன்டெனாவுக்கு ஒரு முழம் கேபிள் மட்டும் விட்டு, கீழேர்ந்து ஈதர்நெட் கேபிள இழுக்கறாங்க. ஈதர்நெட் டிஜிட்டல், 100 மீட்டர் வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அதுல சும்மா இருக்கற ரெண்டு ஜோடி கம்பில கரண்டையும் அனுப்பிடலாம், ஆனா 12 வோல்ட்ட முப்பது மீட்டர் அனுப்பினா பழைய ரவுட்டர் இழுக்கற கரண்டுக்கே ஒண்ணரை வோல்ட் மாதிரி வழில போயிடும், புது வெளிப்புற மாடல் நிறைய 24 வோல்ட் கேக்கறது இதனாலதான்.

கேள்வி: மொட்டை மாடிலேர்ந்து பாத்தா நண்பர் வீட்டு மாஸ்ட் பைனாகுலர்ல பளிச்சுனு தெரியுது. டிஷ்ஷும் போட்டாச்சு. ஆனா லிங்க் வந்து வந்து போகுது. ஏன்?

கண்ணுக்குத் தெரிஞ்சா போதாது. ரேடியோ அலை நூல் பிடிச்ச மாதிரி போகாம நடுவுல வயிறு வச்சு உப்பிப் போகும், ஃப்ரெனெல் மண்டலம்னு பேரு. 2.4ல 10 கிலோமீட்டர் லிங்க்குக்கு நட்ட நடுவுல அந்த வயித்தோட ஆரம் கிட்டத்தட்ட 17.7 மீட்டர், அதுல 60 சதவீதமாவது காலியா இருக்கணும். அதாவது நீங்க பாக்கற கோட்டுக்குக் கீழ பத்தரை மீட்டருக்கு மரம், தண்ணித் தொட்டி, கட்டடம் எதுவும் எட்டிப் பாக்கக் கூடாது. நடு வழில ஒரு தோப்பு இருந்தா முடிஞ்சுது, அதும் இலை நனைஞ்சிருக்கற நாள்ல இன்னும் மோசம். 5.8 கிகாஹெர்ட்ஸ்க்குப் போனா இந்த ஆரம் 11 மீட்டர் கிட்ட சுருங்கும், சில எடத்துல அதுவே காப்பாத்திடும்.

வழி சுத்தமா இருந்தும் இப்படின்னா, இன்னொரு ஆள் மேல சந்தேகப்படுங்க. வைஃபை வீட்டுக்குள்ள ஓட பண்ணினது, ஒரு பாக்கெட் அனுப்பிட்டு "வந்துச்சு"ன்னு பதில் வர்றதுக்குக் கொஞ்ச மைக்ரோ செகண்டுதான் காத்திருக்கும். 10 கிலோமீட்டர் போய்த் திரும்பவே 67 மைக்ரோ செகண்ட் ஆகுது, அதுக்குள்ள ரவுட்டர் பொறுமை போய் அதே பாக்கெட்ட திரும்ப அனுப்பும், அங்க பதில் கிளம்பி வந்துக்கிட்டு இருக்கும், ரெண்டும் மோதும். சிக்னல் மீட்டர் நல்லா காட்டும், வேகம் மட்டும் தவழும், அதான் அடையாளம். செட்டிங்ஸ்ல டிஸ்டன்ஸ்னு ஒண்ணு இருக்கும், உண்மையான தூரத்த போட்டு கொஞ்சம் கூடவே வைங்க.

கேள்வி: லைசென்ஸ் இல்லாம பண்ணலாமா? அப்புறம் டபிள்யூபிஏ (வீட்டு வைஃபைக்குப் போடற பூட்டு) பாஸ்வேர்ட் போட்டுக்கலாம்ல?

சாதாரண வைஃபை சேனல்ல, சாதாரண வைஃபை பவர் வரம்புக்குள்ள மெஷ் கட்டறதுக்கு பெரும்பாலான நாடுகள்ல ஹாம் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க. ஆனா ஹாம்களுக்குக் கிடைக்கற பெரிய லாபம் பவர் இல்ல, அமைதியான சேனல். உதாரணத்துக்கு அமெரிக்காவுல ஹாம் பேண்ட் 2390லேர்ந்து 2450 மெகாஹெர்ட்ஸ் வரை, வைஃபையோட முதல் சேனல் 2412ல இருக்கு. அதனால அங்க ஹாம்கள் 2397ல போய் உக்காந்துக்கறாங்க, மைனஸ் ரெண்டாவது சேனல்னு செல்லப் பேரு, ஊர்ல இருக்கற அத்தனை வீட்டு வைஃபை சத்தத்துலேர்ந்தும் தள்ளி. உங்க நாட்டு பேண்ட் எல்லை வேறயா இருக்கலாம், உங்க லைசென்ஸ் விதிய பாத்துட்டு சேனல தொடுங்க, லைசென்ஸ் இல்லாதவங்க அந்தப் பக்கமே போகக் கூடாது.

பாஸ்வேர்ட் விஷயம் வேற. ஹாம் பேண்ட்ல பேசறதோட அர்த்தத்த மறைக்கற மாதிரி என்கிரிப்ட் பண்ணக் கூடாது, நாடு விட்டு நாடு பேசறதுக்கு சர்வதேச ரேடியோ விதியே அப்படித்தான் சொல்லுது, நிறைய நாடுகள் உள்ளூருக்கும் அதையே வச்சிருக்கு. அதனால டபிள்யூபிஏ கிடையாது, எச்டிடிபிஎஸ் (பூட்டுப் போட்ட வெப்சைட்) கிடையாது, பேங்க் வேலை கிடையாது, வியாபாரமும் கிடையாது. வீட்டு இன்டர்நெட்ட மெஷ்ல திறந்து விட்டு பக்கத்து ஊர்க்காரர் ஷாப்பிங் பண்ணா சிக்கல் உங்க கால்சைனுக்கு.

கேள்வி: நாலு நோடு தாண்டிப் போனா வேகம் படுத்துடுதே?

படுக்கத்தான் செய்யும். ஒரே ரேடியோ ஒரே சேனல்ல கேக்கவும் செய்யணும் திரும்பச் சொல்லவும் செய்யணும், அதனால ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் பாதி கிட்ட குறையும். மலை மேல இருக்கற நோடுக்கு ரெண்டு ரேடியோ வைங்க, ஒண்ணு 5.8ல இன்னொரு மலைய மட்டும் பாக்கட்டும், இன்னொண்ணு 2.4ல கீழ இருக்கறவங்களப் பாக்கட்டும், நடுவுல ஈதர்நெட்ல சேத்துடுங்க. ஆனாலும் ஒரு விஷயம், ஹாம்கள் டேட்டா அனுப்பின பழைய பாக்கெட் ரேடியோ 1200 பாட்ல (செகண்டுக்கு 1200 பிட்) ஓடினது. நாலு தாவல் தாண்டி ஒரு மெகாபிட் வந்தா கூட அதவிட எண்ணூறு மடங்கு, அதுல ஐபி ஃபோன் பேசலாம், கேமரா படம் பாக்கலாம், புயல் நேரத்துல முகாம் லிஸ்ட்ட ஃபைலா அனுப்பலாம். சினிமா பாக்கறதுக்கு இது இல்லீங்க.

கேள்வி: மெஷ்டாஸ்டிக் இதுக்கு மாத்தா?

இல்ல. அது லோரா ரேடியோ (கம்மி பவர்ல மெதுவா ரொம்ப தூரம் பேசற வகை), லைசென்ஸ் வேண்டாத பேண்ட், சட்டைப் பையில போடற சைஸ், வேகம் செகண்டுக்கு ஒரு கிலோபிட் சுத்தி. டெக்ஸ்ட் மெசேஜும் லொகேஷனும் அனுப்ப அருமையான சாமான், ஃபோன் காலோ படமோ நடக்காது. ரெண்டையும் வச்சிருக்கறவங்க நிறைய, சண்டை போடறவங்களும் நிறைய.

கேள்வி: மழை வந்தா சிக்னல் போயிடுமா?

2.4லயும் 5.8லயும் மழைத் துளியால போறது கணக்குலயே வராது. போறது கனெக்டருக்குள்ள தண்ணி ஏறறதால. தானா ஒட்டிக்கற ரப்பர் டேப்ப இழுத்துச் சுத்துங்க, கேபிள் பெட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ தொங்கி மேல ஏறற மாதிரி வளைச்சு விடுங்க, பெட்டிக்கு அடில ஒரு ஓட்டை போடுங்க. இடிதாங்கியும் எர்த்தும் பத்தி தனியா ஒரு இதழ்ல எழுதறோம், அதுவரை இடி வர்ற மாதிரி இருந்தா முன்கூட்டியே கேபிள கழட்டிடுங்க.

கேள்வி: சுத்துவட்டாரத்துல ஹாம்னா நான் ஒருத்தன்தான். எதுக்கு மெஷ்?

முதல்ல ரெண்டு நோடு வாங்கி வீட்டுலயே ஒண்ணுக்கு ஒண்ணு பேச விடுங்க, ஒண்ண அணைச்சு அணைச்சு போட்டு ரவுட்டிங் டேபிள் எப்படி மாறுதுன்னு பாருங்க, பாதி படிப்பு அதுலயே முடிஞ்சுடும். அப்புறம் ஏஆர்இடிஎன்ல டனல்னு ஒரு வசதி இருக்கு, இன்டர்நெட் வழியா வேற ஊர் மெஷ்ஷோட இணைஞ்சுக்கலாம், ஆள் பழக்கமும் ஆகும். இன்டர்நெட் போச்சுன்னா அந்த டனலும் கூடவே போயிடும், அதனால அத நம்பி எமர்ஜென்சி நெட்வொர்க் இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கடைசியா, உங்களுக்கு நேரா தெரியற உயரமான கட்டடம் எது எதுன்னு ஒரு லிஸ்ட் போடுங்க, அதுல எந்த ஓனர் மொட்டை மாடிச் சாவி குடுப்பார்னு விசாரிக்க ஆரம்பிங்க. எங்கயும் வருஷக்கணக்கா இழுக்கறது இந்த வேலைதான்.