பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் பவர் போற ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு: அடுத்து காயில் மாத்தவா?

ஒருத்தர் கேட்டிருக்குறது இதுதான்: 15 எச்பி ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகுக்குப் பின்னால மாட்டுற இன்ஜின்), கிளம்பும்போது நல்லா இழுக்குது, ஃபுல் த்ராட்டில்ல பத்து நிமிஷம் போனா மூச்சு வாங்கி கொஞ்சம் கொஞ்சமா பாதி வேகத்துக்கு வந்துடுது, நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்தா மறுபடி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. பிளக் மாத்தியாச்சு, கார்பரேட்டர் ரெண்டு தடவை கழுவியாச்சு, அடுத்து காயில் (பிளக்குல பொறி வர்றதுக்குக் கரண்ட் கொடுக்குற பாகம்) மாத்தலாமான்னு கேக்குறாரு.

இப்போதைக்கு மாத்தாதீங்க. இதே கதைல எங்க வீட்டுல ஒரு சீசனே போச்சு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

எங்க சித்தப்பாவுக்கு ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம் ஊர்ல வடகடல் பக்கம் ஒரு ஃபைபர் வள்ளம், அதுலயும் 15 எச்பி, ரெண்டு சிலிண்டர், ரெண்டுக்கும் பொதுவா ஒரே கார்பரேட்டர். உங்களுக்கு வர்ற அதே கம்ப்ளெயிண்ட்தான். கரையில கயிறு இழுத்தா ஒரே இழுப்புல எடுக்கும், ரெண்டு மூணு பாகம் (ஒரு பாகம்னா ஏறக்குறைய ஆறு அடி ஆழம்) தண்ணி தாண்டினதும் சத்தம் இறங்கும். மெக்கானிக்கிட்ட தூக்கிட்டுப் போனா அவரு ஸ்டாண்டுல மாட்டி, ட்ரம்ல தண்ணி ஊத்தி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுவாரு, கம்முனு ஓடும். "உங்க இன்ஜின்ல ஒண்ணும் இல்லண்ணே"ம்பாரு. கடலுக்குப் போனா பழைய குருடி கதவைத் திறடி. கார்பரேட்டர் மூணு தடவை பிரிச்சாரு, பிளக் ரெண்டு செட்டு, கடைசியா காயிலும் மாத்தினாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவரு கண் முன்னாடி அது ஒரு தடவைகூட ரிப்பேர் ஆகவே இல்ல. ஏன் ஆகலங்கிறதுலதான் விஷயமே இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல பவர் எப்படிப் போகுதுன்னு காது கொடுத்துக் கேளுங்க. இன்ஜின் சத்தம் ஏறுது ஆனா போட் முன்னால போகலன்னா இன்ஜின்ல குறையே இல்ல, விசிறியோட (ப்ரொப்பெல்லர்) நடுவுல இருக்குற ரப்பர் புஷ் வழுக்குது, இல்லன்னா பாசியோ வலைத்துண்டோ சுத்தியிருக்கு. (தங்கூசி, அதாவது மீன் பிடிக்கிற நைலான் இழை, உள்ள சுத்தியிருந்தா அன்னைக்கே விசிறியைக் கழட்டி எடுத்துடுங்க, அது ஷாஃப்ட் சீலை அறுத்து கியர் ஆயில்ல தண்ணி ஏறிடும், ஆயில் பால் கலந்த டீ கலர்ல வந்தா ஏற்கனவே ஏறிடுச்சுன்னு அர்த்தம்.) சத்தமும் வேகமும் சேந்து திடீர்னு பாதியாகி, இன்ஜின் உதறிக்கிட்டே ஓடுனா ஒரு சிலிண்டர் விட்டுப்போச்சு. ஒத்த கார்பரேட்டர் இன்ஜின்ல இது பெரும்பாலும் கரண்ட் பக்கம்தான், பிளக், பிளக் கேப், வயர், காயில்னு போகணும். அப்படி இல்லாம உதறலே இல்லாம, பசிச்ச ஆளு மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சோர்ந்து இறங்குதுன்னா பெட்ரோல் பத்தல. நீங்க எழுதியிருக்குறது இந்த மூணாவது மாதிரி.

காரணம் சிம்பிள். கார்பரேட்டர் அடியில ஒரு சின்னக் கிண்ணம் இருக்கு, அதுலயும் ஹோஸ்லயும் நிக்கிற பெட்ரோலை வச்சு கொஞ்ச தூரம் ஜோரா ஓடும். டேங்க்ல இருந்து வர்றது செலவாகுறதைவிடக் கொஞ்சம் கம்மியா இருந்தா, கிண்ணம் மெதுவா வத்தி அப்புறம்தான் குறை தெரியும். நிறுத்தி வச்சா உறிஞ்சல் விட்டு ஹோஸ் மறுபடி ஊறிடும், திரும்ப எடுக்கும்போது கிண்ணமும் நிரம்பிடும். ஐடில்ல எவ்வளவு நேரம் விட்டாலும் காட்டாது, ஏன்னா ஐடிலுக்கு அந்த சொட்டு சொட்டா வர்றதே போதும். உங்க இன்ஜினும் மெதுவா ஓட்டினா மணிக்கணக்கா ஓடி, ஃபுல்லா திருகினாதான் படுக்குதுன்னா இது இன்னும் உறுதி.

சரி, இப்ப டெஸ்ட். இது கரையில நடக்காது, கூட ஒரு ஆளை ஏத்திக்கிட்டு கடல்ல போய் ஃபுல் த்ராட்டில்ல வச்சு அந்த நோய் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வந்ததும் த்ராட்டிலைக் குறைக்குறதுக்கு முன்னாடியே கூட இருக்குறவரை பெட்ரோல் ஹோஸ் நடுவுல இருக்குற ரப்பர் உருண்டையைப் பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால அமுக்குவோமே, அதுதான்.

அது தட்டையா உறிஞ்சி ஒட்டிப்போய் இருந்தா அடைப்பு டேங்க் பக்கம். டேங்க் மூடியில இருக்குற காத்துத் திருகைத் திறக்க மறந்திருப்பீங்க (சிரிக்காதீங்க, நிறைய பேருக்கு இதுதான்), இல்லன்னா திருகு ஓட்டையில உப்பும் அழுக்கும் அடைச்சிருக்கும், இல்லன்னா டேங்க் உள்ள குழாய் நுனியில இருக்குற வலை. உருண்டை நல்ல ரவுண்டா மெத்துன்னு இருக்கு, நாலு அமுக்கு அமுக்கினா உடனே இன்ஜின் உயிர் வந்து சீறுதுன்னா ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம் சோர்ந்துபோச்சு, இல்லன்னா கனெக்டர் ஓரிங்லயோ கிளிப்புலயோ காத்து இழுக்குது. அமுக்கினா கல்லு மாதிரி இருக்கு, ஆனாலும் பவர் இல்லன்னா பெட்ரோல் அது வரைக்கும் வந்து நிக்குது, அதுக்கு மேல போக வழி இல்ல, ஃபில்டர், பம்ப், கார்பரேட்டர் நீடில், ஜெட்னு இன்ஜின் பக்கமா தேடுங்க. அமுக்குறதால ஒரு வித்தியாசமும் இல்ல, உருண்டையும் எப்பவும் போலத்தான் இருக்குன்னா, அப்ப காயிலைப் பத்திப் பேசலாம்.

எங்க கதையில நான்தான் அந்த கூட இருந்த ஆள். உருண்டை எப்பவும் பலகைக்கு அடியில வலைக் குவியலுக்குள்ள கிடக்கும், யாரும் பாத்ததே இல்ல. சத்தம் இறங்கினதும் கையை விட்டுத் தடவினேன், சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி தட்டையா இருந்துச்சு. சித்தப்பா, காத்துத் திருகு திறந்துதானேடா இருக்குன்னாரு, திறந்துதான் இருந்துச்சு. மூடியையே கழட்டிட்டு ஓட்டினோம், அப்பவும் தட்டை. டேங்க் வலையைக் கழட்டிப் பாத்தோம், பளிச்சுனு இருந்துச்சு. பாக்கி இருந்தது டேங்குக்கும் உருண்டைக்கும் நடுவுல ஒரு முழம் ஹோஸ் மட்டும்தான். வெளிய பாத்தா வெடிப்பு இல்ல, வாயில வச்சு ஊதினா காத்து தாராளமாப் போகுது. எனக்கும் குழப்பம். கரைக்கு வந்து மீன் அறுக்குற கத்தியால நீளவாக்குல பொளந்தேன். உள்ள ரப்பரோட உள்தோல் தனியா உரிஞ்சு, அவிச்ச முட்டை ஓட்டுக்குள்ள ஒட்டியிருக்குற வெள்ளைத் தோல் மாதிரி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பக்கம் ஊதினா படிஞ்சு வழி விடுது, மறுபக்கத்துல இருந்து வேகமா உறிஞ்சினா எழும்பி வாயை மூடிக்குது. மெதுவா உறிஞ்சுற வரைக்கும் பிரச்சனை இல்ல, ஃபுல் த்ராட்டில் போட்டா கதவு சாத்திக்கும்.

மெக்கானிக் கடையில ஏன் ஓடுச்சுன்னு இப்ப புரியுதா? அங்க அவரோட டேங்க், அவரோட ஹோஸ். நாங்க இன்ஜினை மட்டும்தானே தோள்ல தூக்கிட்டுப் போனோம், வியாதிக்காரனை கரையிலயே விட்டுட்டு கூட வந்தவனுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தோம்.

அதனால டெஸ்ட்டுக்கு எல்லாம் முன்னாடியே நீங்க செய்யக்கூடிய சுலபமான வேலை ஒண்ணு இருக்கு. பக்கத்து போட்காரர்கிட்ட டேங்கையும் ஹோஸையும் சேத்து ஒரு நாள் கடன் வாங்கி ஓட்டிப் பாருங்க (கனெக்டர் ஒரே மாதிரி இருக்கணும், அவரு ஆயில் கலந்த டேங்கான்னும் கேட்டுக்கங்க, ஃபோர் ஸ்ட்ரோக்காரரோட டேங்கை மாட்டினா அதோட கதை முடிஞ்சுது). சரியாப் போச்சுன்னா ஸ்பேனரைத் தொடவே வேணாம், உங்க டேங்க்லயோ ஹோஸ்லயோ பெட்ரோல்லயோதான் குறை.

பெட்ரோலைச் சொல்லணும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது தண்ணியை இழுத்து வச்சுக்கும். வாடைக் காத்துல பத்து இருபது நாள் கடலுக்குப் போகாம டேங்க் கரையில கிடந்தா, தண்ணி அளவு மீறினதும் எத்தனாலும் தண்ணியும் சேந்து அடியில போய்ப் படுத்துக்கும், குழாய் நுனியும் அங்கதான் இருக்கு. டேங்க் அடியில இருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஊத்தி அரை மணி நேரம் வைங்க, கோடு போட்ட மாதிரி அடியில தனியா நின்னா அந்தப் பெட்ரோலை இன்ஜினுக்குக் காட்டாதீங்க. பழைய ரப்பர் ஹோஸுக்கும் இந்த எத்தனால் ஆகாது, உள்தோல் உரியறதுக்கு அதுவும் ஒரு காரணம், அதனால ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்குற ஃபியூயல் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, தோட்டத்துக்குத் தண்ணி விடுற டியூபை வெட்டி மாட்டுறதெல்லாம் வேணாம். மண்ணெண்ணெய்ல ஓடுற மாடலா இருந்தா கேன் அடித் தண்ணி இன்னும் ஜாஸ்தி, அடியில நிக்கிற தண்ணி சேராம மேலாப்புல வடிச்சு ஊத்துங்க, கரை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி பெட்ரோலுக்கு மாத்தி நிறுத்தினா அடுத்த நாள் கயிறு இழுத்து தோள்பட்டை கழண்டு போகாது.

ஆயில்லயும் ஒரு தப்பு நம்ம ஆளுங்க பண்றோம். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்னா 20 லிட்டருக்கு 400 மில்லி. இன்ஜினுக்கு நல்லதுன்னு இன்னும் ஒரு கிளாஸ் ஊத்துவாங்க, பிளக் கரியேறும், எக்ஸாஸ்ட் ஓட்டைல கார்பன் கட்டும், பவர் அதனாலயும் குறையும். பைக்குக்கு ஊத்துற டூடி ஆயில் வேணாம், டிசிடபிள்யூ3ன்னு போட்டிருக்குற கடல் இன்ஜின் ஆயில்தான்.

ஒரே ஒரு விஷயத்துல விளையாடாதீங்க. பவர் குறையும்போது இன்ஜின் பக்கத்துல இருந்து பீச்சுற தண்ணி (இன்ஜினைக் குளிர வச்சுட்டு வெளிய வர்றது) மெலிஞ்சிருந்தாலோ, ஆவியா வந்தாலோ, பெயிண்ட் கருகுற வாசம் வந்தாலோ அந்த நிமிஷமே ஆஃப் பண்ணிடுங்க, அது சூடு. ஓட்டையில மணல் அடைச்சிருக்கான்னு தங்கூசியை விட்டுக் குத்திப் பாருங்க, இல்லன்னா கீழ வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற ரப்பர் சக்கரம்). மணல் கலங்குற ஆழம் கம்மியான கடல்ல அது சீக்கிரம் தேயும், வருஷத்துக்கு ஒண்ணு மாத்திடுறது நல்லது. இன்னொண்ணு, ரெண்டு ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோலோடதான் உள்ள போகுது, பெட்ரோல் பத்தாம ஓடுனா ஆயிலும் பத்தாம ஓடுதுன்னு அர்த்தம். எப்படியோ கரை சேந்துடலாம்னு திணறுற இன்ஜினை ஃபுல்லா முறுக்கிப் பிடிச்சா பிஸ்டன் பிடிச்சுக்கும், ஒரு சின்ன ஹோஸ்ல முடிய வேண்டியது சிலிண்டரைக் கடையுற போரிங் வேலைல போய் நிக்கும். குறைச்சு, உருண்டையை அமுக்கிக்கிட்டே மெதுவா வாங்க.

இதெல்லாம் பாத்தும் தேறலன்னாதான் கரண்ட் பக்கம். சூடானா சாகுற காயில் இருக்குதான், ஆனா அதையும் செத்த அந்த நிமிஷத்துலயே பாக்கணும். குறை வந்ததும் ஐடிலுக்குக் கொண்டுவராம அப்படியே நிறுத்தி ரெண்டு பிளக்கையும் கழட்டுங்க. ஒண்ணு டீ கலர்ல காஞ்சும் இன்னொண்ணு கறுப்பா நனைஞ்சும் இருந்தா நனைஞ்சதுல பொறி இல்ல. ரெண்டுமே வெளுத்துப்போய் இருந்தா பெட்ரோல் பத்தல. மெதுவா கரைக்கு ஓட்டிட்டு வந்து கழட்டினா பிளக் பொய் சொல்லும். கம்ப்ரஷனும் ஒரு தடவை பாத்துடுங்க, த்ராட்டிலை முழுசாத் திறந்து வச்சு கயிறு இழுக்கணும், நம்பர் எவ்வளவுங்கிறதைவிட ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கான்னு பாருங்க.

புது ஹோஸ் மாட்டும்போது உருண்டை மேல இருக்குற அம்புக்குறி இன்ஜினைப் பாத்து இருக்கணும், நாங்க அவசரத்துல தலைகீழா மாட்டிட்டு கால் மணி நேரம் அமுக்கிக்கிட்டு இருந்தோம். பழைய ஹோஸை சித்தப்பா தூக்கிப் போடல. நான் பொளந்த அந்தத் துண்டு நங்கூரக் கயிறு விளிம்புல உரசுற இடத்துல சுத்திக் கட்டி இன்னும் கிடக்கு.