ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையில் உசாத்துணைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் நடைபெறும் சிறுபோக நெற்செய்கையில் நீர்ப்பங்கீடு பற்றி நான் எழுதிய கட்டுரை, உசாத்துணைகள் தமது நடையில் இல்லை என்ற ஒரே வரியுடன் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அவர்களுடைய நடை அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பாம். எம்மவரின் ஆட்பெயர்களை அதில் எப்படி எழுதுவது? கமக்காரர்களிடம் எடுத்த நேர்காணல்களையும் பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்பையும் பட்டியலில் சேர்க்கலாமா?
– ஆய்வு மாணவி, கிளிநொச்சி

பதில்: உங்கள் கட்டுரையை இன்னும் எவரும் மதிப்பிடவில்லை, ஆகவே இதை நிராகரிப்பு என்று எண்ணி மனம் சோர வேண்டியதில்லை. ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு 2019 இல் வெளியானது. பழைய ஆய்வேடுகளைப் பார்த்து எழுதுவோர் ஆறாம் பதிப்பின் வழக்கங்களை அப்படியே கொண்டுவந்துவிடுவதுண்டு. ஏழாம் பதிப்பில் நூலுக்குப் பதிப்பிடமான ஊரின் பெயர் தேவையில்லை. மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் எழுதிய கட்டுரையை, முதல் தடவை குறிப்பிடும்போதே முதல் ஆசிரியர் பெயருடன் "மற்றும் பலர்" என்பதற்குரிய சுருக்கத்தைச் சேர்த்து எழுதிவிட வேண்டும். பட்டியலிலோ இருபது ஆசிரியர்கள் வரை அனைவரையும் எழுத வேண்டும். இவ்வளவும் தெரிந்திருந்தாலும், அந்த ஆய்விதழின் அண்மைய இதழைத் திறந்து ஒரு கட்டுரை, ஒரு நூல், ஓர் அரச அறிக்கை ஆகிய மூன்றுக்குமான உசாத்துணைகளை எடுத்து அருகில் வைத்துக்கொண்டு எழுதுவதே பாதுகாப்பானது. ஏனெனில் ஆய்விதழ்கள் தாம் பின்பற்றுவதாகச் சொல்லும் நடையிலும் சிறு மாற்றங்களைச் செய்துகொள்கின்றன.

பெயர்கள்தாம் எம்மவருக்கு உண்மையான தலையிடி. கந்தையாவின் மகன் சிவகுமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் "க. சிவகுமார்" என்று எழுதுகிறார், பட்டியலில் அது "சிவகுமார், க." என்று வர வேண்டும். எமக்குக் குடும்பப் பெயர் இல்லாவிட்டாலும், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே போடும் வழக்கத்தால் இந்த இடத்தில் கணக்குச் சரியாகிவிடுகிறது. ஆனால் ஆய்விதழின் இணையப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும்போது, தந்தையின் பெயர்தானே என்று அவர் "கந்தையா" என்று நிரப்பிவிட்டால், அதன் பின் உலகம் முழுவதும் அவருடைய ஆய்வு தந்தையின் பெயரிலேயே மேற்கோள் காட்டப்படும். திருமணத்தின் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் கட்டுரைகள் இரண்டு ஆட்களுடையவை போலப் பிரிந்து கிடப்பதும் இவ்வாறுதான். உங்கள் பெயருக்கு ஒரே வடிவத்தை இப்போதே தீர்மானித்து, ஓர்சிட் எனப்படும் பதினாறு இலக்க ஆய்வாளர் அடையாளத்தையும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பெயர்களை மாத்திரம் நீங்கள் திருத்தப் போகாதீர்கள். வெளியான படைப்பில் எழுத்துக்கூட்டல் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

நேர்காணல்களைப் பொறுத்தவரை, உங்கள் ஆய்வுக்காகவே நீங்கள் சந்தித்த கமக்காரர்களின் கூற்றுகள் ஆய்வுத் தரவுகளே ஆகும். அவை உசாத்துணைப் பட்டியலில் இடம்பெறா. எத்தனை பேரை, எவ்வாறு தெரிவுசெய்து சந்தித்தீர்கள் என்பதை ஆய்வு முறையியல் பகுதியில் எழுதிவிட்டு, கூற்றுகளை "கமக்காரர் 7" போன்ற குறியீட்டுடன் தர வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பெயரை மறைத்துவிட்டு, இன்ன வாய்க்காலின் கமக்காரர் அமைப்புத் தலைவர் என்று எழுதினால், ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். தண்ணீர்ப் பிணக்கைப் பற்றி அவர் மனந்திறந்து சொன்னது அடுத்த கூட்டத்தில் அவருக்கே வினையாகலாம். இதற்கு மாறாக, தரவு சேகரிப்புக்கு வெளியே, நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் தொலைபேசியில் தந்த விளக்கத்தை அவருடைய அனுமதியுடன் பயன்படுத்தினால், அது தனிப்பட்ட தொடர்பு எனப்படும். அவருடைய பெயரையும் திகதியையும் கட்டுரையின் உள்ளே அடைப்புக்குறிக்குள் தந்தால் போதும். பட்டியலில் அதற்கும் இடமில்லை.

பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்பு ஒரு வெளியிடப்படாத ஆவணம். அதைத் தயாரித்த அலுவலகத்தை ஆசிரியர் இடத்தில் வைத்து, கூட்டத் திகதி, தலைப்பு, வெளியிடப்படாத ஆவணம் என்ற குறிப்பு, கோப்பு இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதாமல், மூலக் கோப்பை அலுவலகத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: வன்னிக் கோயில்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறேன். 'நூலகம்' என்ற இலங்கைத் தமிழ் மின்னூலக இணையத்தளத்தில் படித்த பழைய தமிழ் மலர்களையும், 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கைநூலையும் எவ்வாறு காட்டுவது?
– ஆசிரியர், வவுனியா

பதில்: தமிழ்த் தலைப்பை முதலில் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதன் ஆங்கிலப் பொருளைச் சதுர அடைப்புக்குறிக்குள் தருவது ஏ.பி.ஏ. வழக்கம். நூலகம் தளம் 2005 இல் தொடங்கியது. நீங்கள் படித்த மலரோ அதற்குப் பல ஆண்டுகள் முந்தியதாக இருக்கலாம். ஆகவே வெளியீட்டு ஆண்டையும் வெளியீட்டாளரையும் மலரின் முகப்புப் பக்கத்திலிருந்து எடுத்து, இணைய முகவரியை இறுதியில் சேருங்கள். கும்பாபிஷேக மலர்கள் சிலவற்றில் ஆண்டே அச்சிடப்பட்டிராது. வாழ்த்துரைகளின் கீழுள்ள திகதிகளைக் கொண்டு ஆண்டை ஊகிக்க முடிந்தால், அந்த ஊகத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுங்கள்; முடியாவிட்டால் ஆண்டு இல்லை என்பதற்குரிய சுருக்கத்தை எழுதுங்கள்.

லூயிசின் நூலை மறுபதிப்பில் படித்திருந்தால், 1895 ஐயும் மறுபதிப்பு ஆண்டையும் சாய்கோட்டால் பிரித்து இரண்டையும் கட்டுரையில் காட்ட வேண்டும். அந்த நூலைக் கையில் எடுக்காமல், வேறொருவர் எடுத்தாண்ட பகுதியை மட்டும் படித்திருந்தால், பட்டியலில் நீங்கள் படித்த நூலே வர வேண்டும். லூயிசின் பெயர் "மேற்கோள் காட்டியவர் இன்னார்" என்ற குறிப்புடன் கட்டுரைக்குள் மாத்திரம் வரும். முதலில் எடுத்தெழுதியவர் பக்க எண்ணைத் தவறவிட்டிருந்தால், மூலத்தைப் பார்க்காமல் எழுதும் அத்தனை பேரும் அதே பிழையைச் சுமக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. உசாத்துணைக்கு எந்த மென்பொருள் நல்லது? செயற்கை நுண்ணறிவு தரும் பட்டியலை நம்பலாமா?
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: சொட்டேரோ இலவசமானது, தரவுகள் உங்கள் கணினியிலேயே இருப்பதால் இணைப்பு இல்லாத வேளையிலும் வேலை செய்யலாம். வன்கூவர் போன்ற எண்முறை நடைகளில், நடுவே ஓர் உசாத்துணையைச் சேர்த்தால் பின்னுள்ள எண்கள் எல்லாம் மாறும். அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆனால் இணையத்திலிருந்து இழுத்த விவரத்தில் தந்தை பெயரும் மகன் பெயரும் இடம்மாறியிருந்தால், அந்தப் பிழையையும் அது அழகாகவே அச்சிட்டுத் தரும். ஒவ்வொரு பதிவையும் சேர்க்கும்போதே திருத்திவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு தரும் பட்டியலை நம்ப வேண்டாம். இல்லாத கட்டுரைக்கு இருக்கின்ற ஆய்விதழின் பெயரையும் தொகுதி எண்ணையும் பொருத்தி, காற்புள்ளி பிசகாமல் அது தந்துவிடும். கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து, அந்தத் தலைப்பும் அந்த ஆசிரியரும் அங்கே இருப்பதைப் பார்த்து, கட்டுரையைப் படித்த பின்னரே அது உங்கள் பட்டியலுக்குள் வரலாம்.