30 வாரத்தில் பிறந்த எங்கள் குழந்தைக்கு மூக்கில் சிபாப் மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. இது வென்டிலேட்டர்தானா?

இல்லை. வென்டிலேட்டர் என்றால் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு மெஷினே மூச்சைக் கொடுக்கும். சிபாப்பில் மூச்சு விடுவது உங்கள் பிள்ளைதான். மூச்சை வெளியே விட்டதும் நுரையீரல் சுருங்கி ஒட்டிவிடாமல் லேசான காற்றழுத்தம் தாங்கிப் பிடிக்கிறது. நான் என்.ஐ.சி.யூ. (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸ். வாசலில் நிற்கும் அப்பாக்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள்.

நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் வேண்டும். 34, 35 வாரத்தில்தான் அது தேவையான அளவுக்குச் சேரும். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும், ஒட்டிக்கொண்ட ஈரப் பிளாஸ்டிக் பையை ஊதிப் பிரிப்பது மாதிரி. பிறந்ததும் குழந்தை முனகியதைக் கேட்டிருப்பீர்கள். அது வலி முனகல் இல்லை. குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, காற்று மொத்தமும் வெளியே போகாமல் பிடித்துவைக்கப் பார்க்கிறது. கிட்டத்தட்ட தனக்குத் தானே சிபாப்! அந்த அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்று 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி குழுவினர் காட்டினார்கள். அதற்கு எட்டு வருடம் முன்புதான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இதே மூச்சுத் திணறலில் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். இன்றைக்கு எங்கள் யூனிட்டில் அது பெரிய பிள்ளை.

அந்தக் குமிழிக்கு வருகிறேன். குழந்தை வெளியே விடும் காற்று போகும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அழுத்தமும் 5 செ.மீ. தண்ணீர் அளவு. ஆழம்தான் அளவு. குமிழி நின்றால் எங்கேயோ காற்று கசிகிறது என்று அர்த்தம்: பிராங்ஸ் (மூக்குத் துவாரங்களில் வைக்கும் சின்னக் குழாய்கள்) நகர்ந்திருக்கும், இல்லையென்றால் பிள்ளை வாயைத் திறந்திருக்கும். ஈரக்காற்று குளிர்ந்து பாட்டிலில் தண்ணீர் ஏறினாலும் பிரச்சினைதான், நமக்குத் தெரியாமல் அழுத்தம் கூடிவிடும். அதனால் பாட்டிலை அடிக்கடி பார்ப்போம்.

என்னைக் கேட்டால், சிபாப் நன்றாக நடப்பதும் நடக்காததும் மெஷினைவிட மூக்கில்தான் இருக்கிறது. பிராங்ஸ் சின்னதாக இருந்தால் கசியும். உள்ளே அழுத்தி வைத்தால் இரண்டு துவாரத்துக்கும் நடுவில் உள்ள மெல்லிய சுவர் சிவந்து புண்ணாகும். ஒரு நூல் இடைவெளி விட்டு, தொப்பியில் குழாயை இறுக்கிக் கட்டி, அடிக்கடி கழற்றி மூக்கைப் பார்ப்போம். சிஸ்டர் பிள்ளையைத் தூங்கவிடாமல் நோண்டிக்கொண்டே இருக்கிறாரே என்று தோன்றலாம். நோண்டட்டும், அதுதான் நல்ல சிஸ்டர்.

வயிறு கொஞ்சம் உப்பினால் உடனே பதற வேண்டாம். காற்று வயிற்றுக்கும் போகும். வாய் வழியாகப் போட்டிருக்கும் சின்ன டியூப்பைத் திறந்து வைத்தால் வெளியே வந்துவிடும். ஆனால் வயிறு கல் மாதிரி இறுகினாலோ பச்சையாக வாந்தி வந்தாலோ அது வேறு விஷயம், டாக்டர் பார்க்க வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு சிபாப் மட்டும் போதாது. ஆக்சிஜன் தேவை 30 சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுப்பார்கள். இப்போது பல இடங்களில் சிபாப்பைக் கழற்றாமலே மெல்லிய குழாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். மூச்சை மறந்து மறந்து நிறுத்தினால் காஃபின். ஆமாம், காபியில் இருக்கும் அதே காஃபின்தான். அதற்கும் சரிவராமல் வென்டிலேட்டருக்குப் போக வேண்டி வந்தால், யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் பங்குக்கு, குழந்தை கொஞ்சம் நிலையானதும் சிபாப்போடு கங்காரு முறையில் நெஞ்சில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும், அம்மாதான் என்றில்லை, நீங்களும் வைத்துக்கொள்ளலாம். பால் வருகிறதோ இல்லையோ, அம்மா இப்போதே பீய்ச்ச ஆரம்பிக்கட்டும். அப்புறம், ஆக்சிஜனில் இருந்த குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை உண்டு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருந்தாலும் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.