22 யூனிட்டுக்கு 399 ரூபாயா?

ஓசூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: “போன தடவை 490 யூனிட், கரண்ட் பில் 1,742 ரூபாய். இந்தத் தடவை 512 யூனிட், 2,141 ரூபாய். கூடுதலாக ஓடியது 22 யூனிட்தான். அதற்கு 399 ரூபாயா? தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் தம்பி வேறு, ‘ப்ரீபெய்ட் மீட்டர் வந்தால் மொத்தமாக ரீசார்ஜ் செய்யாதே, ரேட் ஏறிவிடும்’ என்கிறான். உண்மையா?”

உங்கள் பில்லில் தப்பில்லை. 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். மானியம் போக, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40. இப்படி ஏறிக்கொண்டே போய், ஆயிரத்தைத் தாண்டிய யூனிட்டுக்கு 11.55 வரும்.

500ஐத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் 8.40 போடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. உங்கள் பில்லில் 8.40 விழுந்தது கடைசி 12 யூனிட்டுக்கு மட்டும்தான்: 100.80 ரூபாய். அதற்கு முந்தைய 10 யூனிட்டுக்கு 63 ரூபாய். ஆக 163.80. மீதி 235 ரூபாய் எங்கிருந்து வந்தது?

அது கீழே, 101 முதல் 200 வரையுள்ள அடுக்கில் வந்தது. 2.35 என்ற சலுகை விலை 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு மட்டுமே. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த நூறு யூனிட்டும் 4.70 ஆகிவிடும். சரியாக 500 என்றால் பில் 1,805 ரூபாய். 501 என்றால் 2,048.40. இது நடுத்தரக் குடும்பத்தை வாட்டுகிற ஏற்பாடு என்பதே என் கருத்து. ஆனால் விதி அதுதான் என்பதால், நாம்தான் அந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும்.

போன ரீடிங் எத்தனை என்று அட்டையிலோ பழைய பில்லிலோ பாருங்கள். அடுத்த ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது மீட்டரில் ஓடும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். 400க்குள் இருந்தால் கவலையில்லை. 420ஐத் தொட்டிருந்தால் அந்தப் பத்து நாளும் கை இறுக்கம் வேண்டும். ஓசூர்க் குளிரில் முதலில் பார்க்க வேண்டியது கீசர். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் சூடேற்றினால் ஒரு யூனிட் போய்விடும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். குளித்து முடித்தும் சுவிட்சை அணைக்காத வீடுகளில் இன்னும் கூடும். அப்புறம், ஆழமான போர் உள்ள வீடுகளில் மோட்டார். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் அந்த நாலு நாள் கரண்டும் இதே பில்லில்தான் சேரும். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

தம்பி சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குப் பொருந்தும். அங்கே சில நகராட்சிகளில் யூனிட்டாகவே முன்கூட்டி வாங்குகிறார்கள். ஒரே மாதத்தில் அதிகம் வாங்கினால் மேல் அடுக்கு விலை விழும், அடுத்த மாதம் கணக்கு மறுபடி கீழிருந்து தொடங்கும். நம் நாட்டு ப்ரீபெய்ட் மீட்டரில் போடுவது பணம். ஓடிய யூனிட்டுக்கு ஏற்ப அதிலிருந்து கழியும். ஐந்நூறு ரூபாய் போட்டாலும் ஐயாயிரம் போட்டாலும் அடுக்கு மாறாது.