கூட்டுக்குள் கூடும் வெப்பம்: கேள்வி பதில்

கேள்வி: வெயில் கூடினால் பறவைகளுக்கு அடைகாக்கும் வேலை மிச்சம்தானே, ஐயா?

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்; ஆனால் அது சரியல்ல. பெரும்பாலான பறவைகளின் கரு 36 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரையிலான குறுகிய எல்லைக்குள்தான் செவ்வனே வளர்கிறது. வெப்பம் சில டிகிரி குறைந்தால் வளர்ச்சி தாமதப்படும்; அதே அளவு கூடினாலோ கரு இறந்துவிடக்கூடும். அதனால்தான் திறந்தவெளியில் முட்டையிடும் ஆட்காட்டிகள், உச்சி வெயிலில் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் அமர்கின்றன. அது சூடேற்றுவதற்கான அமர்வு அல்ல, குளிர்விப்பதற்கானது.

கேள்வி: முன்னதாகவே முட்டையிட்டுச் சமாளிக்க முடியாதா?

சில இனங்களால் முடிகிறது. இங்கிலாந்தின் வைத்தம் காட்டில் 1947 முதல் ஆராயப்பட்டுவரும் பெரிய பட்டாணிக்குருவிகள், 1960-களில் முட்டையிட்டதைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திக்கொண்டுள்ளன. குஞ்சுகளுக்கு ஊட்டும் புழுக்கள் இப்போது முன்னதாகவே பெருகிவிடுவதே காரணம். வலசைப் பறவைகளுக்குத்தான் சிக்கல். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஈப்பிடிப்பான் இனம் ஒன்று, பகல் நீளத்தை வைத்தே புறப்படுவதால், ஐரோப்பாவில் வசந்தம் முந்திவிட்டதை அங்கிருந்து அறிய வழியில்லை. நெதர்லாந்தில் புழுக்கள் மிக முன்னதாகப் பெருகும் காடுகளில் அதன் எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் சுமார் 90 சதவீதம் சரிந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: ஆமைகளைப் போல், வெப்பம் குஞ்சின் பாலினத்தை மாற்றுமா?

மாற்றாது. பறவைகளில் அதைத் தாயின் குரோமோசோமே தீர்மானிக்கிறது.

கேள்வி: முட்டையும் குஞ்சும் மரப்பொந்தின் நிழலில் இருந்தால் கவலையில்லை அல்லவா?

நிழல் குஞ்சைக் காக்கலாம். இரை தேடப் போகும் தந்தையைக் காக்காது. தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் வாழும் மஞ்சள் அலகு இருவாச்சியில், பெண் பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க, ஆண் தனியாளாகக் குடும்பத்துக்கே இரை கொண்டுவர வேண்டும். வியர்வைச் சுரப்பி இல்லாத அது, வெப்பம் மிகும்போது அலகைத் திறந்து மூச்சிரைக்கிறது. திறந்த அலகால் மண்ணைக் கிளறிப் பூச்சி பிடிப்பது எப்படி? 2008 முதல் 2019 வரை நடந்த ஆய்வில், வெற்றிபெற்ற, அதாவது ஒரு குஞ்சாவது பறந்து வெளியேறிய, கூடுகளின் விகிதம் 58-இலிருந்து 17 சதவீதமாக வீழ்ந்தது. பகல்நேர உச்ச வெப்பத்தின் சராசரி 35.7 டிகிரியைத் தாண்டிய கூடுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. குளிர்ந்த மாதங்களுக்கு மாறிக்கொள்ளலாமே என்றால், இந்தப் பறவை மழையை நம்பி இனப்பெருக்கம் செய்வது. மழையோ கோடையில்தான் வருகிறது.