டச்டவுன் 173, இன்டர்செப்ஷன் 220: ஜோ நேமத் எப்படி ஜாம்பவான் ஆனார்?

கேள்வி: கல்லூரி மலருக்காக, நியூயார்க் ஜெட்ஸ் அணியில் பந்தை எறிபவராக (குவார்ட்டர்பேக்) ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ நேமத் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதுகிறேன். அவர் எறிந்து கிடைத்த டச்டவுனைவிட (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது), எதிரணி பறித்த பந்துகள் (இன்டர்செப்ஷன்) அதிகம். எறிபவரின் திறனை அளக்கும் பாஸர் ரேட்டிங் வெறும் 65.5. இவரை எப்படிச் சாதனையாளர் என்று எழுதுவது? நடித்த படங்களின் பட்டியலும் குழப்பமாக இருக்கிறது.

பதில்: அந்த 65.5 எப்படி வருகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் 1973இல் ஏற்ற சூத்திரம் அது. நான்கு கூறுகள். வீசியதில் தன் அணியினர் கையில் சேர்ந்த பாஸ்களின் (எறிகளின்) விகிதத்தில் 0.3 கழித்து 5ஆல் பெருக்கவும். ஒரு வீச்சுக்கான யார்டில் 3 கழித்து 0.25ஆல் பெருக்கவும். ஒரு வீச்சுக்கான டச்டவுன் விகிதத்தை 20ஆல் பெருக்கவும். ஒரு வீச்சுக்கான இன்டர்செப்ஷன் விகிதத்தை 25ஆல் பெருக்கி 2.375இலிருந்து கழிக்கவும். எந்தக் கூறும் 0க்குக் கீழோ 2.375க்கு மேலோ போகக் கூடாது. நான்கையும் கூட்டி, 6ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் ரேட்டிங்.

நேமத் வீசியது 3,762; சேர்ந்தது 1,886; யார்டு 27,663. கூறுகள் முறையே 1.01, 1.09, 0.92, 0.91. சூத்திரத்தை அமைத்தவர்கள் அந்தக் காலத்துச் சராசரி ஆட்டத்துக்கு ஒவ்வொரு கூறும் 1 வரும்படி வைத்தார்கள். அப்படி வந்தால் ரேட்டிங் 66.7. ஆக, 65.5 என்பது அன்றைய சராசரியை ஒட்டிய எண்தான். இன்று 90ஐத் தாண்டுபவர்களோடு அதை வைத்துப் பார்ப்பது, 1970களின் ஒருநாள் கிரிக்கெட் ஸ்ட்ரைக் ரேட்டை டி20யோடு ஒப்பிடுவது மாதிரி. பந்தைப் பிடிக்க ஓடுபவரை 5 யார்டுக்கு அப்பால் தடுப்பாளர் தொடக் கூடாது என்ற விதி 1978இல் வந்தது. நேமத் ஓய்வு பெற்றதோ 1977 சீசனோடு. அவர் ஆடிய காலம் முழுவதும் ஒரு சீசனுக்கு 14 ஆட்டங்கள்தான். 16 ஆனதும் அதே 1978இல்தான்.

அந்த 14 ஆட்டங்களில், 1967இல், 4,007 யார்டு எறிந்தார். தொழில்முறை ஆட்டத்தில் 4,000ஐத் தாண்டிய முதல் ஆள் அவர். அந்த ஆண்டிலும் 26 டச்டவுனுக்கு 28 இன்டர்செப்ஷன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். நீளமாக எறிபவரிடம் பந்து பறிபோவதும் அதிகம். மொத்தக் கணக்கில் உள்ள 47 வித்தியாசத்தில் 27, கடைசி மூன்று சீசன்களில் (1975 முதல் 1977 வரை) சேர்ந்தது. முழங்கால் கல்லூரி நாட்களிலேயே கெட்டிருந்தது. 1965 ஜனவரியில், ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, அறுவை சிகிச்சை. 1971இல் 4 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது.

கட்டுரைகள் அதிகம் தவறுவது சூப்பர் பவுல் 3இல், அதாவது ஏஎஃப்எல், என்எஃப்எல் என்ற இரு போட்டி லீக்குகளின் சாம்பியன்கள் மோதிய ஆட்டத்தில். 1969 ஜனவரி 12, மியாமி. சுமார் 18 புள்ளி வித்தியாசத்தில் என்எஃப்எல் அணியான பால்டிமோர் கோல்ட்ஸ் வெல்லும் என்று கணித்திருந்தார்கள். "வெற்றி உறுதி, நான் உத்தரவாதம்" என்று நேமத் சொன்னது மூன்று நாள் முன்பு நடந்த ஒரு விருந்து நிகழ்ச்சியில். நீச்சல் குளத்தருகே எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். ஜெட்ஸ் 16–7 என வென்றது. நேமத் 28இல் 17 பாஸ், 206 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை. ஜெட்ஸின் ஒரே டச்டவுன் மேட் ஸ்னெல் ஓடி எடுத்தது. நான்காம் கால்பகுதியில் நேமத் ஒரு பாஸும் எறியவில்லை. ஆனாலும் ஆட்ட நாயகன் அவரே. அவர் எறிந்ததில் ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை, கோல்ட்ஸ் எறிந்ததில் நான்கு. கணக்குப் போட்டுப் பழக இந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ரேட்டிங் 83.3 வர வேண்டும். அவர் ஆடிய ஏஎஃப்எல், என்எஃப்எல்லுக்குச் சமமான லீக்தான் என்று ஊர் நம்பியது அன்றுதான். 1985இல் கால்பந்து ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு ரேட்டிங்கைவிட இதுவே பெரிய காரணம்.

திரை விஷயத்தில், பாத்திரமாக நடித்ததையும் ஜோ நேமத்தாகவே வந்து போனதையும் தனித்தனியாகப் பிரியுங்கள். முதல் வகையில் 'நார்வுட்' (1970), ஆன்-மார்கரெட்டோடு நாயகனாக நடித்த மோட்டார் பைக் படம் 'சி.சி. அண்ட் கம்பெனி' (1970), கௌபாய் பாணியில் 'தி லாஸ்ட் ரெபல்' (1971). நடிப்புக்காக எதையும் பரிந்துரைக்க முடியாது. அவருக்கு அன்றிருந்த மவுசைக் காண 'சி.சி. அண்ட் கம்பெனி' போதும். 1978இல் பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக நடித்த 'தி வேவர்லி வொண்டர்ஸ்' தொடர் சில வாரங்களில் நின்றுபோனது. இரண்டாம் வகையில் 'தி பிரேடி பன்ச்' டிவி தொடரின் 1973 அத்தியாயம் முக்கியம்: தனக்கு நேமத்தைத் தெரியும் என்று பீற்றிக்கொண்ட சிறுவன் சாகக் கிடப்பதாகத் தங்கை கடிதம் எழுதி அவரை வரவழைக்க, அவன் நோயாளியாக நடிக்கிறான். 1985இல் 'மண்டே நைட் ஃபுட்பால்' டிவி ஒளிபரப்பின் வர்ணனைக்கு வந்ததை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் தொழில் வாழ்க்கைப் பகுதியில் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்ட வேண்டியது 'நார்வுட்'. அதில் அவர் நாயகனின் நண்பன் மட்டுமே.