சர்வர் ஹார்டுவேர் வேலைக்குப் போகலாமா? பணம் கட்டும் முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ஆண்டில் இருக்கும் மகன் கோடிங் பக்கமே போகாமல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான், டேட்டா சென்டர் வேலைக்குத்தான் போவேன் என்கிறான், "இதற்கா இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தோம், கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலைக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரிப்பேர் கடை வேலை இல்லை அம்மா. ஆனாலும் உங்கள் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ உள்ள டேட்டா சென்டர்களில் சர்வர்களை, அதாவது இரவு பகலாக ஓடும் பெரிய கணினிகளை, ரேக் ரேக்காக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் திரையோ கீபோர்டோ இருக்காது. பதிலாக, மதர்போர்டிலேயே பிஎம்சி என்று ஒரு குட்டிக் கணினி இருக்கும். சர்வர் அணைந்து கிடந்தாலும் கரண்ட் இணைப்பு இருக்கும்வரை இது விழித்திருக்கும். சூடு எவ்வளவு, எந்த ஃபேன் நின்றுவிட்டது, எந்த பவர் சப்ளை போய்விட்டது என்றெல்லாம் கவனித்துக் குறித்து வைக்கும். டெல் சர்வரில் இது ஐடிராக், எச்பிஇ சர்வரில் ஐலோ. இதனுடன் பேசுவதற்கு 1998-இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகியவை சேர்ந்து கொண்டுவந்த பொது முறைதான் ஐபிஎம்ஐ. 'ஐபிஎம்ஐடூல்' கட்டளையைக் கொண்டு, வேறு ஊரில் உட்கார்ந்தபடியே அந்தக் குறிப்புகளைப் படிக்கலாம், சர்வரை அணைத்து எழுப்பவும் செய்யலாம்.

கட்டளைகளை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அதற்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள். எதை எப்போது தட்டக்கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. 'பவர் சாஃப்ட்' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிடம் சொல்லி முறையாக மூடச் சொல்லும். 'பவர் ஆஃப்' என்றால் பிளக்கைப் பிடுங்கியதுபோல அப்படியே அணைந்துவிடும். ஹார்டு டிஸ்க் விஷயமும் இப்படித்தான். டிஸ்கின் நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' என்ற கட்டளை மேலே "பாஸ்டு" (தேறிவிட்டது) என்று காட்டும். புதியவர் அதோடு திருப்தியாகிவிடுவார். அனுபவசாலி கீழே இறங்கி 5, 197 என்ற எண்களுள்ள வரிகளைப் பார்ப்பார். படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்களின் (டிஸ்கில் தரவு பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், பாஸ் என்று காட்டினாலும் அந்த டிஸ்கை மாற்றுவதற்கு ஏற்பாடு செய்வார். மாற்றும்போது சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் நல்ல டிஸ்கைக் கழற்றிவிட்டால்? ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் பிரதி எடுத்து வைக்கும் முறைக்கு 'ரெய்டு 1' என்று பெயர்; அதில் மிச்சமிருந்த ஒரே நல்ல பிரதி அதுதான். ஓடிக்கொண்டிருந்த சர்வர் அங்கேயே படுத்துவிடும்.

தம்பிக்கு இந்த நிதானம் உண்டா என்று பார்க்க எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் பணம் கட்ட வேண்டாம். பழைய டெஸ்க்டாப் ஒன்றும், உள்ளே எதுவும் முக்கியமாக இல்லாத இரண்டு பழைய டிஸ்குகளும் போதும். லினக்ஸ் போட்டு, 'எம்டிஅட்ம்' என்ற கட்டளையைக் கொண்டு இரண்டையும் 'ரெய்டு 1' முறையில் இணைக்கட்டும். கணினியை அணைத்து ஒரு டிஸ்கைக் கழற்றி, மறுபடி எழுப்பி, ரெய்டின் நிலையைச் சொல்லும் எம்டிஸ்டாட் கோப்பு என்ன காட்டுகிறது என்று பார்த்து, திரும்பச் சேர்த்துச் சரிசெய்யட்டும். செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத அலுத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் யோசனைதான், ஏனென்றால் டேட்டா சென்டரில் பாதி வேலை, என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று 'டிக்கெட்' எனப்படும் பதிவில் எழுதுவதுதான். சாதாரண டெஸ்க்டாப்பில் பிஎம்சி இருக்காது. அதற்காகப் பழைய சர்வர் வாங்கிப் போட்டால் சத்தத்தில் வீட்டில் தூங்க முடியாது; கரண்ட் பில்லும் எகிறும். கணினிக்குள்ளேயே போலிக் கணினியை ஓட்டும் கியூஎம்யூ மென்பொருளில் போலி பிஎம்சி உண்டு, பழக அது போதும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஷிஃப்ட் உண்டு, இரவு வேலையும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். அதைவிடப் பெரிய சிக்கல் தேங்கிப்போவது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றாக யாரும் கட்டளை தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல்தான் தட்டும். பிஎம்சியுடன் பேச 2015-இல் வந்த ரெட்ஃபிஷ் என்ற புதிய முறை, நிரல் எழுதுபவருக்குத் தோதாகவே அமைந்தது. ஆகவே ஸ்கிரிப்ட் எழுத உதவும் பாஷும் கொஞ்சம் பைத்தானும் தெரியாமல் இந்தத் துறையில் மேலே ஏற முடியாது. கோடிங்கிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பக்கம் வருகிறான் என்றால் இப்போதே பேசிவிடுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு நல்லது. கணினியில் வேலையைச் செய்து காட்டித்தான் அதில் தேற முடியும். ஆனால் அதற்கான கட்டணத்தை வீட்டுச் சோதனை முடிந்தபிறகு கட்டினால் போதும்.

வேலை உத்தரவு கையில் வந்தால், கையெழுத்துப் போடும் முன் தம்பி மூன்று விஷயங்களைக் கேட்கட்டும்: நிறுவனத்தின் நேரடி ஊழியரா, ஒப்பந்த ஆளா? இரவு ஷிஃப்டுக்கு வண்டியும் தனிப்படியும் உண்டா? முதல் ஆண்டில் சர்வர்களில் லாகின் தருவார்களா, இல்லை கேபிள் மாட்டும் வேலை மட்டும்தானா? மூன்றாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் லாகின் தரும் இடத்துக்கே அனுப்புங்கள்.